பைக் மாடல் கட்டுறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்: 1/12 அளவும் அதைச் சுற்றியுள்ள சந்தேகங்களும்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் பைக் கிட் கட்டத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. ஏனுங்க, இது பொம்மை பைக்தானுங்களே? கடையில ரெடியா வாங்கி வெக்கிறதுக்கும் கட்டுறதுக்கும் என்னங்க வித்தியாசம்?

கடையில் ரெடியாக வருவது டை-காஸ்ட். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, பெயிண்ட் அடித்து, ஸ்க்ரூ முடுக்கி அனுப்புகிறார்கள். கிட் என்பது பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் பாகங்கள். ஸ்ப்ரூ என்கிற சட்டத்தோடு வரும். நாமே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கட்ட வேண்டும்.

ஒரு மாடல் பொம்மையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் பாகங்களின் கனம், அதாவது தடிமன்தான் காரணம். நிஜ வண்டியில் மட்காட் தகடு சுமார் 1 மி.மீ. இருக்கும். 1/12 மாடலில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், அது 0.08 மி.மீ. ஆக வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கோ 1 மி.மீ. கனத்தில் நிற்கும், அதாவது நிஜத்தில் 12 மி.மீ. இரும்புப் பலகைக்குச் சமம். மட்காட் ஓரம், லீவர், கேபிள், ஃபுட்ரெஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வாசலில் நிற்கும் வண்டியை அளந்து 12-ஆல் வகுக்கப் பழகிவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. மொத மொதல்ல எந்த ஸ்கேல், எந்த வண்டி எடுக்கோணும்?

1/12 எடுங்கள். டாமியா, ஹசெகாவா, அயோஷிமா, ஃபுஜிமி என்று ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் போடுகின்றன. ஸ்ப்ளெண்டரின் வீல்பேஸ் 1236 மி.மீ., 1/12-ல் 103 மி.மீ. வரும். உள்ளங்கையில் வைத்து வேலை செய்ய வசதி. 1/9, 1/6 கிட்டுகளும் உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பெரிய பரப்பில் பெயிண்ட் குறை எதுவும் மறையாது. 1/24-ல் கேபிள் போடக் கண்ணும் பொறுமையும் இரண்டு பங்கு வேண்டும்.

முதல் வண்டி ஃபேரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உடுப்பு) இல்லாததாக, அலாய் வீல் உள்ளதாக இருக்கட்டும். ஸ்போக் வீலும் குரோமும் நிறைந்த பழைய வண்டிகளும் க்ரூஸர்களும் எளிதாகத் தெரியும். ஒட்டத் தொடங்கிய பிறகுதான் கேள்வி 11-ம் 14-ம் ஒன்றாக வந்து நிற்கும்.

3. என்னென்ன டூல்ஸ் வேணும்? எல்லாம் ஆன்லைன்ல தான் வாங்கோணுங்களா?

ஆன்லைனில் வாங்கியே தீர வேண்டியது ஒன்றுதான்: ஒரு பக்கம் தட்டையான, கூர்மையான ஸ்ப்ரூ நிப்பர். எலக்ட்ரீஷியன் கட்டர் பிளாஸ்டிக்கை வெட்டாது, நசுக்கும்.

மற்றதெல்லாம் நம்ம ஊர்த் தொழில்களில் இருக்கிறது. ஊசி அரம், நுனி நேராக நிற்கும் ட்வீசர், கையால் சுழற்றும் பின் வைஸ், 0.3 முதல் 1 மி.மீ. வரை ட்ரில் பிட் எல்லாம் நகை ஆசாரிகளுக்கு விற்கிற கடைகளில் கிடைக்கும். கோவையில் ராஜவீதி, வைசியாள் வீதிப் பக்கம் கேளுங்கள். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கும் பகுதிகளில் விசாரியுங்கள். 400, 600, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் ஆட்டோ பெயிண்ட் கடையில் வாங்கலாம். 11-ம் நம்பர் பிளேடு போடும் கத்தி ஒன்று, தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்று, டிஜிட்டல் வெர்னியர் ஒன்று. வெர்னியரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

4. ஃபெவிக்விக்ல ஒட்டுனா ஆகாதுங்களா?

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் சிமெண்ட் பாலிஸ்டைரினைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கும், அந்த இணைப்பைப் பிறகு தேய்த்து மறைக்கலாம். ஃபெவிக்விக் வகைப் பசை மேலே ஒரு படலமாகத்தான் பிடிக்கும். பிளாஸ்டிக்கைவிடக் கடினமாக இறுகுவதால் தேய்க்கும்போது பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பள்ளமாகி, பசை மேடாக நிற்கும்.

உலோகக் கம்பி, ஊசி, ரெசின் பாகங்களுக்குச் சிமெண்ட் பிடிக்காது. அங்கே ஃபெவிக்விக்தான், ஊசி முனையில் தொட்டு வைக்கிற அளவு. ஹெட்லைட் கண்ணாடி, இண்டிகேட்டர், குரோம் பாகங்கள் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கெல்லாம் காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையோ, துளி கிளியர் பெயிண்டோ போதும்.

5. ஸ்ப்ரூல இருந்து வெட்டுனா வெள்ளை வெள்ளையா தழும்பு விழுகுதுங்க.

பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெளுக்கும். முதலில் 2 மி.மீ. தள்ளி வெட்டுங்கள், மிச்சத்தைக் கத்தியால் சீவி, 600-ல் தேய்த்துவிடுங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்ட இடத்தில் சிமெண்டை லேசாகத் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பெயிண்ட் அடிக்கிற பாகமென்றால் கவலையே வேண்டாம்.

6. மேனுவல்ல இருக்கற வரிசைப்படியே போகலாமுங்களா? எனக்கு ஃபிரேம் கோணிக்குது.

இன்ஜின், ஃபிரேம், ஸ்விங்ஆர்ம் (பின் வீலைப் பிடிக்கும் கவை), பின் வீல், ஃபோர்க், முன் வீல், வயரிங், டேங்க், சீட் என்ற வரிசை சரிதான். ஆனால் ஒட்டுகிற வரிசை வேறு, பெயிண்ட் அடிக்கிற வரிசை வேறு. மேனுவலை முதலில் முழுக்கப் படித்து, ஒரே நிறம் வாங்கும் பாகங்களைக் குறித்துவைத்து, எது பெயிண்டுக்கு முன்னால் ஒட்டப்பட வேண்டும், எது பின்னால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் கோணுவது சிமெண்ட் இறுகும் முன் கையில் பிடித்துக்கொண்டே இருப்பதால். இடது, வலது பாதிகளை ஒட்டி, நடுவில் இன்ஜினைப் பசையில்லாமல் உட்கார வைத்து, ரப்பர் பேண்ட் சுற்றி, கேள்வி 3-ல் சொன்ன கண்ணாடித் துண்டின்மேல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஸ்டியரிங் ஹெட்டிலும் ஸ்விங்ஆர்ம் துளையிலும் நேரான கம்பியைச் செருகிப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு கம்பியும் செங்குத்தாக வெட்டிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு டிகிரி தப்பினாலும் கடைசியில் முன் வீலும் பின் வீலும் ஒரே கோட்டில் நிற்காது. அப்போது திருத்தவும் வழி இருக்காது.

7. டேங்க் ஒட்டுன கோடு தேய்ச்சு தேய்ச்சு மறைஞ்சுது. பெயிண்ட் அடிச்சு ஒரு வாரங்கழிச்சு மறுக்கா தெரியுது. ஏன்?

சிமெண்டில் கரைந்த பிளாஸ்டிக் முழுக்க இறுகும் முன்னால் தேய்த்துவிட்டீர்கள். கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும்போது அந்த இடம் சுருங்கி, கோடாகக் குழியும்.

சிமெண்டைத் தாராளமாக வைத்து, இரண்டு பாதியையும் அழுத்தி, இணைப்பில் பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும்படி ஒட்டுங்கள். குறைந்தது 2 நாள், முடிந்தால் ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு 400-ல் வரப்பை எடுத்து, 600, 1000 என்று போங்கள். சாம்பல் ப்ரைமர் ஒரு கோட் அடித்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பள்ளம் இருந்தால் தெரியும். இருந்தால் புட்டி வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். டேங்க் கேப்பைச் சுற்றியுள்ள மெல்லிய வரைகோடு தேய்ப்பில் அழிந்துபோகும். தேய்க்கும் முன்பே ஊசியால் ஆழப்படுத்திவையுங்கள்.

8. ஆட்டோ பெயிண்ட் கடையில வண்டியோட ஒரிஜினல் கலரே கலந்து தர்றாங்க. அதையே அடிச்சா அச்சு அசலா வருமில்லீங்களா?

நிறம் அசல்தான், கண்ணுக்கு அசலாகத் தெரியாது. 30 செ.மீ. தூரத்தில் 1/12 மாடலைப் பார்ப்பது நிஜ வண்டியை 3.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். சின்னப் பரப்பில் அடர் நிறங்கள் இன்னும் அடர்ந்து தெரியும், அதனால் துளி வெள்ளையோ சாம்பலோ சேர்த்து வெளுக்க வேண்டும். மெட்டாலிக் நிறமென்றால் இன்னும் சிக்கல். கார் பெயிண்டிலுள்ள அலுமினியத் துகள் 12 மடங்கு பெரிதாகத் தெரிந்து, டேங்க் முழுக்க ஜிகினா தூவினது மாதிரி ஆகிவிடும். மாடல் பெயிண்டுகளில் துகள் பொடியாக இருக்கும்.

என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் பாலிஸ்டைரினைக் கடிக்கும். ஸ்ப்ரே கேனோ கார் பெயிண்டோ, ப்ரைமர் இல்லாமல் ஈரமாக அடித்தால் பரப்பு வெடித்து நெளியும். ப்ரைமருக்குமேல் முதல் இரண்டு கோட் வெறும் தூவல், கோட்டுக்குக் கோட் 10 நிமிட இடைவெளி, அதன் பிறகே ஈரக் கோட். எனாமல் அடித்த பரப்புக்குமேல் லாக்கர் (தின்னரில் கரைந்து சீக்கிரம் காயும் பெயிண்ட்) அடிக்கவே கூடாது, சுருங்கிப்போகும். லாக்கருக்குமேல் எனாமல் அடிக்கலாம்.

இரண்டு பாகமாக வந்து கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டுக்குள் அதை அடிக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாக வேண்டாம். சாதாரண லாக்கர் கிளியர் 3 மெல்லிய கோட் அடித்து, ஒரு வாரம் கழித்து 2000-ல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நைஸ் பாலிஷ் போட்டாலே டேங்க் பளபளக்கும். பியூ கிளியரின் தடித்த படலம் கேள்வி 1-ல் சொன்ன கனத்தைத்தான் கூட்டும்.

9. ஏர்பிரஷ்ஷுக்கு அளவு சொல்லுங்க, சித்தெ சுருக்கமா.

0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ, டேங்க் உள்ள சின்னக் கம்ப்ரஸர். லாக்கர் பெயிண்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் இரண்டு பங்கு. பெயிண்ட் பால் பதத்தில் கப்பின் ஓரத்தில் வழிய வேண்டும். பாகத்திலிருந்து 8 முதல் 10 செ.மீ. தூரம்.

10. ஆடி மாசம் பெயிண்ட் அடிச்சா சொரசொரன்னு ஆகுது, மழைக்காலத்துல அடிச்சா வெள்ளை பூக்குது. எப்பத்தானுங்க அடிக்கிறது?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம் முழுக்கப் புழுதியைக் கொண்டுவரும். தறியும் மில்லும் உள்ள சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசும் சேர்ந்துகொள்ளும். ஈரப் பெயிண்டில் ஒரு பஞ்சு இழை விழுந்தால் 1/12 கணக்கில் அது ஒரு கயிறு. அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளியுங்கள். பாகத்தை அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடித்து, உடனே மேலே மூடி காயவிடுங்கள். அடிக்கும்போது பனியனோடு நிற்பதைவிட இழை உதிராத நைலான் சட்டை நல்லது. பனியன் ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். பெயிண்ட் ஆவி வெளியேறுவதற்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனாவது வேண்டும், அதன் காற்று பாகத்தின்மீது படாதபடி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் வெள்ளைப் பூப்பு வேறு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பளபளப்பான லாக்கர் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். லேசாகப் பூத்திருந்தால், வெயில் வந்த நாளில் ரிடார்டர் (பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

சித்திரை வெயிலில் கரூர், ஈரோட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். பெயிண்ட் பாகத்தை அடையும் முன்பே காற்றில் காய்ந்து பொடியாகப் படிகிறது. தின்னரில் பத்து சதவீதம் ரிடார்டர் சேருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பிடியுங்கள், காலை 7 மணிக்கு முன் அடித்து முடித்துவிடுங்கள்.

11. குரோம் பாகத்துல ஒட்டுன கோடு, வெட்டுன தழும்பு எல்லாம் அப்பட்டமா தெரியுது. என்ன பண்றது?

கிட்டில் வரும் குரோம் என்பது லாக்கர் படலத்தின்மேல் வெற்றிட முறையில் படியவைத்த மெல்லிய அலுமினியம். அதன்மேல் தேய்க்கவும் முடியாது, சிமெண்டும் பிடிக்காது. முழுசாக நீக்கிவிடுவதே வழி. துணி வெளுக்கும் திரவமான சோடியம் ஹைபோகுளோரைட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிப் பாகங்களை மூழ்கவிடுங்கள். சில நிமிடம் முதல் ஓரிரு மணி நேரத்தில் அலுமினியம் கரைந்துவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். அந்தத் திரவத்தோடு பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டுக்கூடச் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

பிறகு இணைப்பைத் தேய்த்து (கேள்வி 7), பளபளப்பான கறுப்பு அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, அதன்மேல் குரோம் பெயிண்டை 12 பிஎஸ்ஐ அளவில் மெல்லிய படலமாக அடியுங்கள். கறுப்பு எவ்வளவு வழவழப்போ குரோமும் அவ்வளவுதான். அதற்குமேல் கிளியர் அடித்தால் வெறும் சில்வராக மங்கிவிடும். விரல் படாமல் கடைசியில் மாட்டுங்கள்.

12. டீகால் காஞ்சதும் சுத்தியும் வெள்ளையா வட்டம் கட்டுது. டீகால் பழசாயிருச்சுங்களா?

டீகால் என்பது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர். வட்டத்துக்குப் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் காரணம். போர் உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் காய்ந்த இடத்தில் உப்பு படியும். சிறுவாணித் தண்ணி வருகிற வீடென்றால் அதுவே போதும், மற்றவர்கள் ஆர்ஓ தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோ எடுங்கள்.

வட்டம் டீகாலுக்கு வெளியே இல்லாமல், அடியில் வெள்ளிப் படலமாக மினுங்கினால் அது சிக்கிய காற்று. மேட் பெயிண்டின் சொரசொரப்பில் காற்று தங்கும். டீகாலுக்கு முன் கிளாஸ் கிளியர் அடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நொடி, வெளியே எடுத்து ஒரு நிமிடம், பிறகு தாளிலிருந்து நகர்த்தி இறக்கி, பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். டேங்கின் வளைவில் படியாவிட்டால் டீகால் சாஃப்ட்னர் தடவிவிட்டுத் தொடாதீர்கள். முதலில் சுருங்கும், பயந்து இழுத்தால் கிழியும். காயும்போது தானாகப் படிந்துவிடும்.

13. கேபிள், ப்ளக் வயர் எல்லாம் எதுல போடறது?

கோவையைச் சுற்றி மோட்டார் ரீவைண்டிங் கடை இல்லாத வீதி குறைவு. அங்கே கழித்துப்போடும் எனாமல் தாமிரக் கம்பிதான் இந்தப் பொழுதுபோக்குக்கே சுரங்கம். கணக்கு இப்படி: 7 மி.மீ. ப்ளக் வயர் 12-ஆல் வகுத்தால் 0.58, அதற்கு 24 கேஜ் கம்பி (0.56 மி.மீ.). 5 மி.மீ. கிளட்ச் கேபிள் 0.42, அதற்கு 27 கேஜ். 10 மி.மீ. பிரேக் ஹோஸ் 0.83, இதற்கு லேன் கேபிளுக்குள் இருக்கும் தோல் போர்த்திய தனி வயர் கிட்டத்தட்டப் பொருந்தும். ஃபேன் காயிலில் வரும் 36 கேஜ் (0.19 மி.மீ.) ஸ்பிரிங் சுற்றவும் பிரேக் பைப்பில் கட்டுப் போடவும் உதவும். கேஜ் நம்பரை நம்பாமல் வெர்னியரில் அளந்துவிடுங்கள். திருப்பூரில் நூலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் நூல் வேண்டாம். இழை சிலிர்க்கும், வளைவு நிற்காது.

வளைத்து முடித்த பிறகே கறுப்பு அடியுங்கள், முன்னால் அடித்தால் வளைவில் பெயர்ந்துவிடும். ஹோஸின் இரண்டு முனைக்கும் ஊசி போடும் சிரிஞ்சின் நீடில் துண்டு: 18 கேஜ் நீடில் வெளி அளவு 1.27, 21 கேஜ் 0.82 மி.மீ. மெடிக்கலில் புதிதாக வாங்குங்கள். நிப்பரில் வெட்டினால் நசுங்கும், ஊசி அரத்தால் சுற்றிக் கீறி ஒடியுங்கள்.

நிஜ வண்டியில் எந்தக் கேபிளும் விறைப்பாக இருக்காது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, அதற்கு வேண்டிய தொங்கலை விட்டு ஒட்டுங்கள். ஃபோர்க்குக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் எல்லாக் கேபிளும் எப்படிப் பின்னிப் போகிறது என்று நிஜ வண்டியில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

14. ஸ்போக்கை நாமளே கோக்க முடியுமுங்களா? கிட்ல வர்றது தென்னங்குச்சி தண்டி இருக்குது.

முடியும். நிஜ ஸ்போக் சுமார் 3 மி.மீ., மாடலுக்கு 0.25 மி.மீ. வேண்டும். மியூசிக் கடையில் கிடைக்கும் கிட்டார் முதல் தந்தி (0.010 அங்குலம், 0.254 மி.மீ.) நேராக நிற்கும், பெயிண்டும் வேண்டாம். தாமிரக் கம்பியும் ஆகும், ஆனால் இலகுவாக வளைந்துவிடும். ஒரு முனையை வைஸில் பிடித்து மறு முனையைக் குறடால் லேசாக நீளும் வரை இழுத்தால் நேராகும்.

கிட்டின் ஸ்போக்கை வெட்டும் முன் ஒரு ஜிக் (பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் அமைப்பு) செய்யுங்கள். தடித்த பிளாஸ்டிக் தகட்டில் ரிம் சரியாக உட்காரும் வட்டமும், நடுவில் ஹப்பின் அச்சுக்குத் துளையும் இருக்க வேண்டும், ஹப்பின் உயரமும் மாறக் கூடாது. பிறகு ஸ்போக்கை வெட்டி, ரிம்மில் 36 துளை, ஹப்பின் இரு விளிம்பிலும் 18, 18 என்று 0.3 மி.மீ. பிட்டால் போடுங்கள். விளிம்பில் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளிருந்து, வெளியிலிருந்து போகும். ஒவ்வொரு ஸ்போக்கும் எதிர்த்திசையில் சாயும் மூன்று ஸ்போக்கைக் கடக்கும். முதலில் ஒரு பக்கத்தின் ஒரே திசை ஒன்பதையும் கோத்து, ரிம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த ஒன்பது. அவசரமாக ஒட்டிவிட்டு ஜிக்கிலிருந்து எடுத்தால் ரிம் முட்டை வடிவில் நிற்கும்.

15. ஃபோர்க் பைப், செயின் இதெல்லாம்?

ஃபோர்க் பைப்புக்குப் பழைய ரேடியோ ஏரியல். அதன் மெல்லிய முனைத் துண்டுகள் 3 மி.மீ. அருகில் இருக்கும், குரோமும் ஏற்கெனவே இருக்கிறது. 35 மி.மீ. ஃபோர்க் 2.9 மி.மீ. வரும். லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து தரச் சொன்னால் ஒரு ஜோடிக்காக மெஷினை நிறுத்தமாட்டார்கள். தெரிந்தவர் பட்டறை என்றால் சரி.

செயினில் பார்க்க வேண்டியது பிட்ச், அதாவது பக்கத்துப் பக்கத்து பின்களுக்கு நடுவிலுள்ள தூரம். 428 செயினுக்கு 12.7 மி.மீ., அதாவது மாடலில் 1.06. 520, 525, 530 செயின்களுக்கு 15.875, மாடலில் 1.32. தனியாக வாங்கும் மெட்டல் செயின் இதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம்ம ஊர் வண்டியாக மாற்றுகிறீர்கள் என்றால் அதற்கு அவசியமே இல்லாமலும் போகலாம், கேள்வி 19 பாருங்கள்.

16. டயர் பளபளன்னு பொம்மையாட்டவே இருக்குது.

நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை 400-ல் தேய்த்து எடுங்கள், மேல் பரப்பு முழுக்க லேசாகத் தேயுங்கள். மினுமினுப்பு போய்ச் சாம்பல் கலந்த கறுப்பு வந்துவிடும், பெயிண்ட் வேண்டாம். வினைல் டயரில் எனாமல் அடித்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். அதே வினைலிலுள்ள எண்ணெய்த்தன்மை பாலிஸ்டைரின் தகட்டை மெல்லக் கரைக்கும். அதனால் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் டயரை நேரடியாக வைக்காமல் கண்ணாடியோ மரமோ கொடுங்கள்.

17. சைலன்சர் நீலம் பாய்ஞ்ச மாதிரி அடிக்கறது எப்படி? எந்தப் பக்கம் நீலம் வரும்?

சூடு அதிகமான இடத்தில், அதாவது இன்ஜின் ஹெட்டை ஒட்டி நீலம். அதற்கடுத்து ஊதா, பிறகு பழுப்பு, கடைசியில் வைக்கோல் மஞ்சள். பலர் தலைகீழாக அடிக்கிறார்கள். டிரான்ஸ்பரண்ட் பெயிண்டுகளை நிறைய நீர்த்து, மஞ்சளில் தொடங்கி நீலத்தில் முடியுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக விழட்டும். டூ-ஸ்ட்ரோக் வண்டி என்றால் சைலன்சர் வாயில் எண்ணெய்க் கறுப்பு ஈரமாகத் தெரிய வேண்டும்: கறுப்பு எனாமலில் துளி பழுப்பு, மேலே கிளாஸ்.

18. நம்ம செம்மண்ணையே சலிச்சுப் பூசலாமுங்களா?

மண்ணின் மணி பெரிது. 0.1 மி.மீ. மணல் ஒன்று நிஜத்தில் 1.2 மி.மீ. ஜல்லிக்குச் சமம். வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தால் கிடைக்கும் மாவு, மட்காட் அடியில் ஒட்டிக் காய்ந்த சேறு காட்ட ஆகும். படிந்த புழுதிக்கு ட்ரை பேஸ்டலை (சாக்பீஸ் மாதிரி வண்ணக் கட்டி) வாட்டர் பேப்பரில் தேய்த்த பொடிதான் சரி. செம்மண் என்றாலும் ஒரே சிவப்பு போடாதீர்கள், மேலே வெளுத்த தூசும் அடியில் அடர் நிறமும் வர வேண்டும். கரிசல் பக்கத்து வண்டிக்குச் சாம்பல் பழுப்பு.

எங்கே பூசுவது என்பதுதான் முக்கியம். முன் டயருக்குப் பின்னால் இன்ஜினின் முகம், மட்காட்டுகளின் உட்புறம், ஃபிரேமின் அடிக் குழாய். செயின் இருக்கும் பக்கத்து ரிம்மில் கிரீஸ் தெறிப்பு. முழங்கால் உரசும் டேங்க் பக்கங்களும் கிக்கர் மிதிக்கும் இடமும் தூசே இல்லாமல் தேய்ந்து மினுங்கும். வண்டி முழுக்க ஒரே சீராகப் பூசினால் ஓடின வண்டியாகத் தெரியாது, குடோனில் கிடந்ததாகத் தெரியும்.

19. ஜப்பான் கிட்டை நம்ம ஊர் வண்டியாட்ட மாத்த என்னென்ன சேர்க்கோணும்?

சாரி கார்டு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, முன்னால் கிராஷ் கார்டு, முழு செயின் கவர். பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. ஜப்பான் கிட்டில் இருக்காது. சாரி கார்டுக்கு 22 கேஜ் கம்பி (0.71 மி.மீ.), மூட்டுகளை சோல்டர் வைத்துவிடுங்கள். முழு செயின் கவர் போட்டால் செயினே வெளியில் தெரியாது, கேள்வி 15-ன் பாதி வேலை மிச்சம்.

பழைய புல்லட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கியர் லீவர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். இன்றைய வண்டியைப் பார்த்துச் செய்தால் மாறிப்போகும். 3.25-19 டயரின் வெளி விட்டம் 19 அங்குலத்தோடு 3.25-ஐ இரண்டு முறை கூட்டினால் 25.5 அங்குலம், 648 மி.மீ., மாடலில் 54 மி.மீ. கிட்டின் டயர் அதற்குக் கிட்டே வராவிட்டால் வேறு கிட் தேடுங்கள், டயர் தப்பினால் மற்றதெல்லாம் வீண்.

20. நம்பர் பிளேட்டும், "மாசாணியம்மன் துணை"யும் போடோணும். பிரிண்ட் எடுத்தா கலங்குதுங்க.

டூவீலர் பின் பிளேட் 200-க்கு 100 மி.மீ., மாடலில் 16.7-க்கு 8.3. முன் பிளேட் 285-க்கு 45, மாடலில் 23.8-க்கு 3.8. கோவை தெற்கு டிஎன் 37, வடக்கு 38, ஈரோடு 33, பொள்ளாச்சி 41, கரூர் 47, நாமக்கல் 28. 2019 ஏப்ரல் முதல் வந்த வண்டிக்கு ஹாலோகிராம் உள்ள பிளேட் போட வேண்டும். 1989-க்கு முந்தைய வண்டியில் டிஎன் 37 மாதிரி நம்பர் போட்டால் விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

டீகால் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் கிளியர் அடித்துக் காயவைக்காமல் தண்ணீரில் போடவே கூடாது, கலங்குவது அதனால்தான். சாதாரண பிரிண்டர் வெள்ளை அடிக்காது. அதனால் நம்பர் பிளேட்டை வெள்ளை டீகால் பேப்பரிலும், டேங்கில் வரும் எழுத்தைத் தெளிந்த பேப்பரில் அடர் நிறத்திலும் எடுங்கள். தமிழ் எழுத்துக்கு உயரம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. "ணி", "ம்" போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய எழுத்துருவை விட்டுத் தடித்த, உள்வெளி அகலமான எழுத்துருவாக எடுங்கள்.

21. டிவிஎஸ் எக்ஸெல்லுக்குக் கிட்டே கிடைக்கறதில்லைங்க. மொத்தமா நாமளே செய்யறதுன்னா எங்க ஆரம்பிக்கோணும்?

சக்கரத்தில். 2.50-16 டயரின் வெளி விட்டம் 21 அங்குலம், 533 மி.மீ., மாடலில் 44.5. அந்த அளவில் டயர் கிடைத்தால்தான் மற்ற வேலை. ஏதாவது 1/12 மொபெட், ஸ்க்ராம்ளர் கிட்டின் உதிரிகளில் தேடுங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அருகில் ஓர் அளவுகோலை நட்டு, ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து பக்கவாட்டில் போட்டோ எடுங்கள். கிட்டத்தில் நின்று எடுத்தால் கேமராவுக்கு அருகிலுள்ள பாகம் பெருத்துத் தெரியும். அச்சிடும்போது அளவுகோலை வைத்துச் சரியாக 1/12-க்குக் கொண்டுவாருங்கள். அந்தத் தாளே ஜிக்.

ஃபிரேமுக்குப் பித்தளைக் குழாய். தகடுகளுக்குப் பழைய சிடி பெட்டி நல்ல பாலிஸ்டைரின், சிமெண்டே பிடிக்கும். ஏடிஎம் கார்டு பிவிசி, அதற்கு ஃபெவிக்விக்தான். சீட்டை எம்-சீலில் பிசைந்து, இறுகும் முன் ஈர விரலால் வழித்து, தையலை ஊசியால் கீறுங்கள்.

பால் கேனோ சோளத்தட்டுக் கட்டோ ஏற்றிக் காட்டப் போகிறீர்கள் என்றால் பின் ஷாக் அமுங்கி, பின் டயர் தரையில் கொஞ்சம் தட்டையாகி, முன் பக்கம் தூக்கி நிற்க வேண்டும். வெறும் வண்டியின் நிலையில் பாரத்தை ஒட்டினால் கேன் காலி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

22. பீரோவுல எடுத்து வெச்சிருந்தேன், வர்ணம் இளகி ஒட்டிக்கிச்சு. ஏன்?

அந்துருண்டை. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரினையும் பெயிண்டையும் இளக்கும். துணி பீரோவில் மாடல் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்தும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

23. இன்னொருத்தர் பசையைக் கொட்டி ஒட்டி வெச்ச பழைய கிட் ஒண்ணு கெடைச்சுது. காப்பாத்த முடியுமுங்களா?

எந்தப் பசை என்று பாருங்கள். ஃபெவிக்விக் வகை என்றால் ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து எடுத்து, இணைப்பில் கத்தியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும். சிமெண்டில் ஒட்டியது பிரியாது. நகை ஆசாரியின் நூல்வாள் பிளேடால் இணைப்பிலேயே அறுத்து, வாள் தின்ற கனத்துக்கு ஈடாகச் சிடி பெட்டித் தகட்டை ஒட்டித் தேய்க்க வேண்டும்.

பெயிண்ட் நீக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முதலில் ஊறவிடுங்கள். அசையாத எனாமலுக்குப் பிரேக் ஃப்ளூயிட், டாட் 3 அல்லது 4. ஒரு சின்னப் பாகத்தில் சோதித்துவிட்டுத்தான் மற்றவற்றைப் போடுங்கள், சில பிளாஸ்டிக் அதில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஹெட்லைட் கண்ணாடி, டயர், குரோம் பாகங்களை முன்பே பிரித்து வையுங்கள். குரோமுக்கு கேள்வி 11-ல் சொன்ன முறை தனியாக. வெளியே எடுத்த பாகத்தைப் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் வைத்து இரண்டு தடவை கழுவுங்கள். பிரேக் ஃப்ளூயிட் துளி மிச்சமிருந்தாலும் அடுத்த ப்ரைமர் அந்த இடத்தில் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும்.